சேர்வராயன் நோம்பிக்கு விற்ற தேன்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் சின்ன வயதுக்குப் போய்விடுகிறது. யார் தோட்டத்தில் ஆரஞ்சு திருடினோம், எந்த வாத்தியாரிடம் அடி வாங்கினோம் என்று சொல்லிச் சிரிக்கிறோம். நானும் சொல்வேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரின் குடையைக் காற்றில் பறக்கவிட்ட கதையை நான் சொன்னபோது உங்களில் சிலர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறீர்கள். அதெல்லாம் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன கதைகள். இப்போது சொல்லப்போவது அப்படியில்லை. இதை என் கணவரிடம் சொன்னதில்லை. பிள்ளைகளிடமும் சொன்னதில்லை. இனிமேலும் உள்ளே வைத்திருந்து என்ன செய்யப்போகிறேன் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து முடிந்து பதினொன்று நடந்துகொண்டிருந்தது. நயா பைசா வந்து சில வருடங்கள் ஆகியிருந்தும் பெரியவர்கள் அணாக் கணக்கில்தான் பேசுவார்கள். ஏற்காட்டிலிருந்து கிளியூர் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டின் லயனில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில், எங்கள் வீடு. ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு, மழைக்காலத்தில் சுவரெல்லாம் பாசி. அப்பாவுக்குப் பல்ப்பர் கொட்டகையில் வேலை. காப்பிப் பழத்தைத் தோல் நீக்கிக் கழுவுகிற இடம் அது. அவர் சட்டையில் எப்போதும் புளித்த பழ வாசனை இருக்கும். அம்மா பழம் பறிக்கப் போவாள். தை மாதத்தோடு பழம் முடிந்துவிடும். அதற்கப்புறம் களை வெட்டுவதும் செடியில் கிளை கழிக்கிற கவாத்தும்தான். வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிய விஷயம். சித்திரையில் எங்கள் வீட்டில் குழம்பு வைப்பதையே நிறுத்திவிடுவார்கள். வெங்காயமும் மிளகாயும் அரைத்த துவையல்தான் மூன்று வேளையும்.

அந்த வருடம் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணமாகியிருந்தது. மச்சான் வாழப்பாடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், வாய் திறந்து எதையும் கேட்கமாட்டார். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசுவார். கல்யாணத்தில் ஒரு பித்தளை அண்டாவும், சம்பந்தியம்மாவுக்கு ஒரு சின்னாளப்பட்டுச் சேலையும் தருவதாக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். தர முடியவில்லை. வைகாசியில் சேர்வராயன் கோயில் நோம்பிக்கு, திருவிழாவுக்கு வாங்க, அப்போது குறையில்லாமல் செய்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

பங்குனியில் அக்கா இரண்டு நாள் வந்திருந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறேன் என்றாள். அடுப்பங்கரையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தபோது மட்டும், வெங்காயத் தோலை உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"எங்க மாமியார் பக்கத்தூட்டுக்காரங்ககிட்ட சொல்றாங்கம்மா, மலையில இருந்து ஒரு பொண்ணு கையை வீசிக்கிட்டு வந்துருக்குதுன்னு."

அக்கா பஸ் ஏறிப் போன அன்றிலிருந்து அம்மாவுக்கு நோம்பி ஒன்றுதான் நினைப்பு.

தேன் எங்கள் வீட்டுக்கு வந்த விதம் ரொம்பச் சாதாரணம். கரடியூருக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஒரு அம்மா மாதம் இரண்டு தடவை டின்னில் தேன் கொண்டுவருவார். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் கடை வைத்திருந்த பாயிடம் கொடுப்பார். அவருடைய கணவர் பாறையிலும் மரப்பொந்திலும் தேன் எடுப்பவர். நான் அந்த அம்மாவைத் தேன்காரம்மா என்றுதான் சொல்வேன். வருகிற வழியில் எங்கள் லயனில் தண்ணீர் கேட்டுக் குடிப்பார், கொஞ்சம் உட்கார்ந்து அம்மாவோடு பேசுவார். அம்மா ஒரு முறை எஸ்டேட்டில் கொடுத்த அரிசியில் இரண்டு படி கொடுத்தாள். பதிலுக்கு அவர் ஒரு பாட்டில் நிறையத் தேன் ஊற்றிக் கொடுத்தார். எனக்குத் தனியாக ஒரு தேனடைத் துண்டை இலையில் வைத்துத் தந்தார்.

அந்தத் தேனின் ருசி எனக்கு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. கறுப்பாக இருக்கும், நீர்க்க இருக்கும். பாட்டிலின் கழுத்தில் நுரை கட்டியிருக்கும். முதலில் இனிப்பு, அப்புறம் தொண்டையில் லேசாக ஒரு கசப்பு. அடையை மென்று மெழுகைத் துப்பிவிட்டு நான் விரலை நக்கிக்கொண்டிருந்தபோது தேன்காரம்மா சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டிலை அம்மா எங்களைத் தொடவிடவில்லை. சீசன் ஆரம்பித்திருந்தது. ஏரிக்கரையில் கார்களும் மலைக்குக் கீழேயிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்களுமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அதை மூன்று சின்ன பாட்டில்களாகப் பிரித்து, என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஏரிக்கரையில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தாள். தலைப்பாகை கட்டின ஒருவர் வந்தார், ஒரே ஆள், மூன்றையும் வாங்கிக்கொண்டு போனார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேரும் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். தேன்காரம்மா மறுபடி வரப் பதினைந்து நாள் ஆகும். வந்தாலும் எவ்வளவு கொடுப்பார்? பாய்க்குக் கொடுத்ததுபோக ஒரு பாட்டில். அப்பா எழுந்துபோய் வெல்லம் வாங்கிக்கொண்டு வந்தார்.

முதலில் பாதித் தேன், பாதி வெல்லப்பாகு என்றுதான் ஆரம்பித்தது. அம்மா கொஞ்சம் தயங்கினாள். அப்பா சொன்ன சமாதானம் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "நஞ்சையா குடுக்கறோம்? வெல்லந்தானே. ஊட்டுப் புள்ளைங்களுக்கு நாமளே குடுக்கறதுதானே. நோம்பி முடியட்டும், விட்டுருவோம்." அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். கைப்பக்குவம் அவளுக்குத்தான். வெல்லத்தைக் கரைத்து வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, பதம் வரும்போது எலுமிச்சம்பழச் சாறு நாலு சொட்டு விடுவாள். விடாவிட்டால் அடியில் சர்க்கரையாகக் கட்டிக்கொள்ளும். சேர்த்த தேன் வாரத்துக்கு வாரம் குறைந்தது. மூன்றாவது வாரம் வாசனைக்கு ஒரு கரண்டிதான். பாட்டில்கள் ஒரு பங்களாவின் சமையல்காரர் கொடுத்தவை. டானிக் பாட்டில், பிராந்தி பாட்டில், ஒன்றிரண்டில் கண்ணாடியிலேயே எழுத்து புடைத்திருக்கும். நான் அவற்றைச் சாம்பல் போட்டுக் கழுவுவேன். வெல்லப்பாகு காய்கிற வாசனை லயன் முழுக்க வீசும். கல்யாணமான பெண்ணுக்குப் பலகாரம் செய்கிறார்களாக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

இனி என் பங்கைச் சொல்கிறேன். இது அப்பாவும் அம்மாவும் செய்த காரியம், நான் கூடப் போன குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள்.

செத்த தேனீயைப் போடலாம் என்று சொன்னது நான். தேன்காரம்மா கொடுத்த அடையில் இரண்டு தேனீக்கள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். பல்ப்பர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மரத்தில் கூடு இருந்தது. அதன் அடியில் செத்து விழுந்தவற்றைத் தீப்பெட்டியில் பொறுக்கிவந்து, பாட்டிலுக்கு ஒன்றாகக் குச்சியால் உள்ளே தள்ளினேன். பாகுக்கு மேலே அது சிறகோடு மிதந்தது. அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இவளுக்கு ரைட்டர் மூளை என்றார். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஏரிக்கரையில் பேசினதும் நான்தான். அம்மாவுக்கு அன்னியர்களிடம் பேச வராது. எங்கப்பா பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுக்கிறார் என்று முதல் வாரம் சொன்னேன். இரண்டாவது வாரம் அந்தப் பாறை எவ்வளவு உயரம் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். மூன்றாவது வாரம் அப்பா பாறையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். அப்படிச் சொல்லும்போது ஒரு பட்டுச்சேலைக்காரம்மா கண் கலங்கிவிட்டார். எங்கள் அப்பா அந்த நேரம் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் பீடி குடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் சொன்னது எல்லாம் தேன்காரம்மாவின் கணவர் பட்ட பாடு. அதை எடுத்து எங்கள் அப்பாவுக்குப் போட்டு விற்றேன்.

அம்மா நடுவில் ஒரு நாள் பாயிடம் இரண்டு பாட்டில் கொண்டுபோனாள். கடையில் வைத்தால் தினமும் உட்கார வேண்டாமே என்று. பாய் மூடியைத் திறந்து நகத்தில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். தோளில் கிடந்த துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டார். "நம்ம கடைக்கு வேண்டாம் தங்கச்சி" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கு ஒரு பொரிகடலைப் பொட்டலம் கொடுத்தார். திரும்பி வரும்போது, பாய்க்குத் தன் வியாபாரம் போகிறதே என்று எரிச்சல் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படியே நம்பினேன். பாய் நினைத்திருந்தால் ஏரிக்கரையில் நின்று நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை என்பது எனக்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் உறைத்தது.

நோம்பிக்குப் பத்து நாள் இருக்கும். தேன்காரம்மா டின்னோடு ஏரிக்கரைக்கே வந்துவிட்டார். பாய் கடையில் போன தடவை கொடுத்ததே விற்காமல் இருக்கிறதாம். வருகிறவர்கள் எல்லாம் ஏரிக்கரையில் ஒரு குழந்தையிடம் வாங்கிவிட்டோம் என்கிறார்களாம். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன் அக்கா என்று கேட்டார். அம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

அவர் எங்கள் பாட்டில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் சாய்த்தார். பாகு மெதுவாக, கெட்டியாக நகர்ந்தது, தேனீயும் கூடவே நகர்ந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. பாட்டிலைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று கேட்டார். புகைக்கரி படிந்த அவருடைய டின்னின் வாயை இலையால் மூடியிருந்தார். சேலை முந்தானையில் புகை வாசனை. கன்னத்தில் ஒரு இடம் தேனீ கொட்டி வீங்கியிருந்தது.

பதினொரு மணி வாக்கில் ஒரு கார் வந்து நின்றது. சேலத்துக்காரர்கள். பின் சீட்டில் வயதான ஒருவர் கம்பளி போர்த்தி, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவருடைய மகள் இறங்கி வந்தார். கண்ணாடி போட்ட, களைத்த முகம். எங்கள் பாட்டிலைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த டின்னைப் பார்த்தார். ஒரு குச்சியில் தொட்டு இரண்டையும் பார்த்தார். ஒன்று பொன்னிறமாகக் கெட்டியாக நின்றது. ஒன்று கறுப்பாகச் சொட்டியது.

"எங்கப்பாவுக்கு மருந்து கொழைச்சுக் குடுக்கோணும். மூணு மாசமா வேற எதுலயும் மருந்தை முழுங்கறதில்லை. இதுல எது சுத்தமான தேனு?" என்று கேட்டார். யாரைப் பார்த்துக் கேட்பது என்று அவருக்கே தெரியவில்லை.

தேன்காரம்மாதான் பதில் சொன்னார். "பாப்பாவையே கேளுங்கம்மா. எங்க தேனை அது தின்னுருக்குது. புள்ளைங்க பொய் சொல்லாதுங்க."

அவர் எங்கள் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுடையது பொய் என்று சொல்லச் சொல்லவும் இல்லை. தன்னுடையதற்கு ஒரு சாட்சி கேட்டார், அவ்வளவுதான். அதுவும் நல்ல தேன்தானுங்க என்று நான் சொல்லியிருந்தால் போதும். காரில் வந்த அந்த அம்மா ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போயிருப்பார். எங்களுக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

என் முன்னால் இரண்டு பாட்டில்தான் மிச்சம் இருந்தது. இரண்டும் போனால் அன்று எல்லாம் தீர்ந்த மாதிரி. இதுவரைக்கும் ஒரு நாளும் மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்ததில்லை.

"அது தேனில்லைங்க. தண்ணியாட்டம் இருக்குது பாருங்க. எங்களுதுதானுங்க தேனு. சேர்வராயன் மேல சத்தியமாங்க" என்றேன்.

அம்மா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த சேலத்து அம்மா எங்கள் பாட்டில் இரண்டையும் வாங்கிக்கொண்டார். போகும்போது என் கன்னத்தைத் தட்டினார். பிறகு திரும்பி, சீக்காளிக்குக் கொடுக்கிற பொருளில்கூட ஏமாற்றுகிறாயே, இந்த வயசில் உனக்கு இது அடுக்குமா என்று தேன்காரம்மாவிடம் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் பக்கத்தில் பலூன் விற்றவர், நிலக்கடலைக்காரர், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. தேன்காரம்மா என்னைப் பார்த்தார். ஒரே பார்வை. டின்னின் விளிம்பில் வழிந்திருந்ததை இலையால் துடைத்தார், அந்த இலையாலேயே மூடினார், தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "வர்றனுங்க அக்கா" என்று அம்மாவிடம் எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள். பாதி வழியில் சொன்னாள், "இனிமே சாமி பேரை மட்டும் இழுக்காதே கண்ணு." வேறு எதையும் சொல்லவில்லை. சத்தியம்தான் தப்பு, மற்றது சரி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நோம்பிக்கு அண்டா வந்தது. அக்காவின் பேரை அதில் வெட்டச் சொல்லியிருந்தார்கள். சின்னாளப்பட்டுச் சேலை வந்தது, மச்சானுக்கு வேட்டி சட்டை, எனக்குப் பச்சைப் பாவாடை. சம்பந்தியம்மா சேலையைக் கையில் வாங்கி, நூலை இழுத்துப் பார்த்து, பரவாயில்லை என்றார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படி முழுசாகச் சிரித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தச் சிரிப்பு நிஜம். அதற்காகச் செய்தோம் என்பதும் நிஜம்.

சேர்வராயன் மலை உச்சியில் அன்று கால் வைக்க இடம் இல்லை. சுற்றியிருந்த அத்தனை மலைக்கிராமத்து ஜனங்களும் மேளத்தோடு வந்திருந்தார்கள். கோயில் என்பது குகைதான், குனிந்துதான் உள்ளே போகவேண்டும். உள்ளே ஈரமும் எண்ணெய்ப் புகையும். நான் சத்தியம் செய்த சாமி அங்கே இருட்டில் இருந்தார். நான் குனிந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்து பாவாடையில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

தேர் பார்க்க நின்றிருந்த இடத்துக்குத் தேன்காரம்மா வந்தார். கூட அவருடைய கணவர். ஒல்லியாக, ஒரு கை மடங்காமல் இருந்த மனிதர். பாறையிலிருந்து விழுந்தது உண்மையில் அவர்தான்; அந்தக் கையை நான் அப்போதுதான் நேரில் பார்த்தேன். தேன்காரம்மா கையில் இலையால் சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது. நேராக அக்காவிடம் போய், "கல்யாணத்துக்கு வர முடியல சாமி. இத வெச்சுக்க" என்று கொடுத்தார். அக்காவுக்கு ஏரிக்கரை விஷயம் எதுவும் தெரியாது. சந்தோஷமாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

இவர்கள் யார், உங்களுக்குச் சொந்தமா என்று சம்பந்தியம்மா கேட்டார். மலைக்காரர்களோடு பழக்கமா என்கிற மாதிரி ஒரு தொனி அதில் இருந்தது.

"இல்லீங்க, தெரியாதுங்க" என்றாள் அம்மா. "மலைக்காரங்க. நோம்பியில எல்லார்த்துக்கும் இப்படிக் குடுப்பாங்க."

தேன்காரம்மா இரண்டு அடி தூரத்தில் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்தது. அக்காவின் தலையைத் தொட்டு, நல்லா இரு என்று சொல்லிவிட்டுக் கணவரைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். எங்கள் லயனில் தண்ணீர் குடிக்க அவர் அதற்கப்புறம் வரவே இல்லை.

ஊருக்குக் கிளம்பும்போது சம்பந்தியம்மா அந்தத் தேனை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, இது தண்ணீராக இருக்கிறதே, வேண்டாம் என்று வைத்துவிட்டார். பாட்டில் எங்கள் வீட்டுப் பலகையில் நின்றது. அப்பாவும் தொடவில்லை, அம்மாவும் தொடவில்லை. எனக்கு ஒரு நாள் நாக்கில் எச்சில் ஊறியது. மூடியைத் திறந்து, முகர்ந்துவிட்டு, மூடிவைத்தேன். மழைக்காலத்தில் அது அங்கே இல்லை. யாருக்குக் கொடுத்தாள் என்று அம்மாவிடம் நான் கேட்கவில்லை.

நோம்பி முடிந்ததும் விட்டுவிடுவோம் என்று அப்பா சொன்னார் அல்லவா. விடவில்லை. இன்னும் நாலு சீசன் விற்றோம். அக்காவின் வளைகாப்பு, என் பள்ளிக்கூடச் செலவு, அப்பாவின் இருமல் வைத்தியம் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது. என்னைப் பார்த்து வேறு இரண்டு வீட்டுக்காரர்களும் பாகு காய்ச்ச ஆரம்பித்தார்கள். பாய் கடையில் தேன் வைப்பதையே நிறுத்திவிட்டார். தேன்காரம்மாவின் கணவர் பாக்சைட் குவாரியில் கல் சுமக்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். மடங்காத கையோடு. எங்களால் மட்டும்தானா என்று எனக்கு நானே எத்தனையோ தடவை வாதாடிப் பார்த்திருக்கிறேன். காட்டிலாகா கெடுபிடி இருந்தது, தேனும் குறைந்துபோயிருக்கும். எல்லாம் சரிதான். ஆனாலும் பலகாரம் தின்கிற நேரத்தில்கூட தேன்காரம்மாவின் முகம் வந்து நிற்கும்.

காரில் சாய்ந்திருந்த பெரியவர் என்ன ஆனார் என்றும் தெரியாது. வெல்லத்தில் குழைத்தால் மருந்து வேலை செய்யாது என்று இல்லை. இதையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படித்தேன், சேலத்தில் வேலைக்குப் போனேன், கல்யாணமானது. என் முப்பத்தெட்டாவது வயதில் அம்மா போனாள். அம்மா இருந்தவரைக்கும் தேன்காரம்மாவைத் தேடிப் போக எனக்கு மனம் வரவில்லை. போனால் அம்மாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். காரியங்கள் முடிந்து ஒரு மாதம் கழித்து, வீட்டில் வேறு ஏதோ சொல்லிவிட்டு, காலை பஸ்ஸில் ஏற்காடு போனேன். அங்கிருந்து கரடியூருக்கு இன்னொரு பஸ். அதற்கப்புறம் விசாரித்து விசாரித்து நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டு போனேன். நான் வேண்டுமென்றே சொன்னேன், விற்றுத் தீர்க்கவேண்டும் என்று சொன்னேன், உங்களைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை. இந்த மூன்றும் சொல்லியாக வேண்டும்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். பல் போயிருந்தது. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது என்றார். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. அக்காவுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். அம்மா போய்விட்டாள் என்றதும் முறத்தைக் கீழே வைத்தார். எனக்கு அரிசி அளந்து கொடுத்தவள் என்றார்.

நான் ஆரம்பித்தேன். அன்றைக்கு ஏரிக்கரையில் உங்கள் தேனைப் பற்றி நான் ஒன்று சொன்னேன் என்றேன். அதற்குமேல் என்னைப் பேசவிடவில்லை.

"அத நெனச்சுக்கிட்டா இத்தன தூரம் வந்தே?" என்றார். "நீ பச்சப்புள்ள கண்ணு. பக்கத்துல உங்கம்மா உக்காந்திருந்துச்சு. மாத்திச் சொன்னா அடி விழுமோன்னு பயந்துக்கிட்டுச் சொன்னே. எனக்குத் தெரியாதா? எங்கூட்டுக்காரர்கிட்ட அன்னிக்கே சொன்னேன், பாவம் அந்தப் புள்ள, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சுன்னு."

இத்தனை வருடமும் அவர் என்னை அப்படித்தான் நினைத்து வைத்திருந்தார். நோம்பிக்கு அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்ததும் அந்த நினைப்போடுதான். சேர்த்து வைத்திருந்த மூன்று வாக்கியங்களும் என் வாயில் தயாராக இருந்தன. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை காய்ச்சுப்போய், மிளகுத் தூசியோடு சுரசுரவென்று இருந்தது.

"ஆமாங்க" என்றேன். "நொம்பப் பயந்துட்டனுங்க."

அவர் என் தலையைத் தடவிவிட்டு, காப்பி போட உள்ளே எழுந்து போனார்.

நான் பயப்படவில்லை. என் முகம் வெளுக்கவும் இல்லை. எங்கள் அம்மா வாழ்க்கையில் ஒரு நாள்கூட என்னை அடித்ததில்லை. செத்து இரண்டு மாதம்கூட ஆகாத அவள்மேல் அதையும் போட்டுவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்து, மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி இறங்கி வந்தேன்.